ஆசிரியர் ஹாரி மூர்: நீதி காணாத ஒரு தியாக வாழ்வு

கல்விக்காகப் பாடுபட்ட பெரியோர்களின் வரலாறுகளைப் படிக்கும்பொழுது, அவர்கள் நிறுவிய பள்ளிகளையும் பெற்ற பட்டங்களையும் வகித்த பதவிகளையுமே நாம் பெரிதும் காண்கிறோம். அவர்கள் இழந்தவை யாவை என்று கணக்கெடுப்போர் சிலரே. அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்தில், மிம்ஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கறுப்பின ஆசிரியர் ஹாரி டைசன் மூர் அவர்களின் வரலாறோ இழப்புகளின் வரலாறாகும். தம் மக்களுக்காக அவர் முதலில் மன அமைதியை இழந்தார். பின்னர் வேலையை இழந்தார். முடிவில் தம் துணைவியாரோடு உயிரையும் இழந்தார். அவ்விருவரையும் கொன்றதற்காக இன்றளவும் எவரும் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படவில்லை.

மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் பெயரை நம் சமுதாய இளைஞர்கள் நன்கறிவர். அவர் 1968இல் கொல்லப்பட்டார். மிசிசிப்பி மாநிலத்துத் தொண்டர் மெட்கர் எவர்ஸ் 1963இல் கொல்லப்பட்டார். இவ்விருவருக்கும் முன்னரே, 1951இல், அதே இலட்சியத்திற்காக உயிர் நீத்தவர் ஹாரி மூர். அவருடைய வாழ்வை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை இம்மலரில் வரைகிறோம்.

பிறப்பும் இளமையும்

ஹாரி மூர் 1905ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள், ஃபுளோரிடாவின் வடபகுதியிலுள்ள சுவானி மாவட்டத்தில், ஹூஸ்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு அப்பொழுது 40 ஆண்டுகளே கடந்திருந்தன. தந்தையார் ஜானி மூர் இரயில் பாதையின் நீர்த்தொட்டிகளைப் பேணும் தொழிலாளி. வீட்டின் முன்புறத்தில் சிறு கடை ஒன்றும் நடத்தி வந்தார். தாயார் ரோசா அம்மையார். ஹாரி அவர்களுக்கு ஒரே மகன்.

ஹாரிக்கு ஒன்பது வயது நிரம்புமுன், 1914இல், தந்தையார் மறைந்தார். தாயார் பருத்திக் காட்டில் கூலி வேலை செய்து, வார இறுதியில் கடையையும் கவனித்துக் குடும்பத்தைக் காத்தார். பின்னர் மகனின் கல்வியை எண்ணி, அவனைப் பிரிந்திருக்கவும் துணிந்தார். 1915இல் டேடோனா கடற்கரை நகரிலிருந்த உறவினர் இல்லத்திற்கும், மறு ஆண்டு ஜாக்சன்வில் நகரில் வாழ்ந்த தம் உடன்பிறந்தாரின் இல்லத்திற்கும் அவனை அனுப்பினார். அவ்வில்லத்துப் பெண்மணிகள் கற்றவர்கள். நூல் படிப்பதையும் நல்லன பேசுவதையும் வழக்கமாகக் கொண்டவர்கள். மூன்றாண்டுகள் அங்கு வளர்ந்த சிறுவனின் உள்ளத்தில் கற்கும் ஆர்வம் வேரூன்றியது. ஏழைத் தாய் ஒருத்தி தன் மகனைக் கற்றோர் இல்லத்தில் விட்டுவைத்த அந்த ஒரு முடிவே, பின்னாளில் ஒரு மாநிலத்து மக்களுக்குப் பயன் தந்தது எனில் மிகையன்று.

1919இல் ஊர் திரும்பிய ஹாரி, லைவ் ஓக் என்னும் ஊரில் கறுப்பின மாணவர்க்கென நடைபெற்ற ஃபுளோரிடா மெமோரியல் கல்லூரியின் உயர்நிலைப் பிரிவில் சேர்ந்தார். அவருடைய படிப்பின் சிறப்பைக் கண்ட உடன்மாணவர்கள் அவரை ‘டாக்டர்’ என்றே செல்லமாக அழைத்தனர். 1925இல், 19ஆம் வயதில், ஆசிரியப் பயிற்சித் தகுதியுடன் அவர் வெளிவந்தார்.

ஆசிரியப் பணி

அவ்வாண்டிலேயே ப்ரெவர்ட் மாவட்டத்துக் கோகோ என்னும் ஊரில், கறுப்பினச் சிறுவர்க்கான தொடக்கப் பள்ளியில் ஆசிரியரானார். அங்குதான் ஹாரியட் சிம்ஸ் என்னும் நங்கையைச் சந்தித்தார். அவரும் முன்னர் ஆசிரியப் பணி செய்தவர். 1926ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நன்னாளில் இருவரும் மணம்புரிந்தனர். 1928இல் மூத்த மகள் ஆனியும், 1930இல் இளைய மகள் எவாஞ்சலினும் பிறந்தனர். மூர் டைடஸ்வில் நகரில் கறுப்பின மாணவர் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். பின்னர் மிம்ஸ் பள்ளியில் பணியாற்றினார். மிம்ஸ், டைடஸ்வில்லுக்கு அருகே ஆரஞ்சுத் தோப்புகள் சூழ்ந்த சிற்றூர். அங்கு ஒரு தோப்பினுள் மூர் குடும்பத்தாரின் மரவீடு அமைந்திருந்தது.

அக்காலத்துப் பள்ளிகளின் நிலையை நம் மக்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. இனம் பிரித்து வசதிகள் அளிக்கலாம், அவை சமமாயிருந்தால் போதும் என்று 1896இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பிரிவினை மட்டும் சட்டப்படி நடந்தது. சமத்துவம் ஏட்டளவில் நின்றது. வெள்ளையர் பள்ளிகளில் பயன்படுத்திக் கழித்த நூல்களே கறுப்பினச் சிறுவர்க்கு வந்து சேர்ந்தன. ஒரே தகுதியும் ஒரே பணியும் உடைய ஆசிரியர்களில், கறுப்பினத்தார் பெற்ற ஊதியம் வெள்ளையர் ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியே.

மூர் அமைதியான இயல்பினர். ஆரவாரப் பேச்சாளர் அல்லர். ஆயின், தாம் கற்பிக்கும் சிறுவர்கள் எத்தகைய நாட்டில் வளரப்போகின்றனர் என்னும் கவலை அவரை விடவில்லை. பாட நூலோடு வாக்குச்சீட்டின் பயனையும் அவர்களுக்குக் கற்பித்தார்.

சம ஊதிய வழக்கு

கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் அமெரிக்காவில் தோன்றியது ‘என்.ஏ.ஏ.சி.பி.’ எனப்படும் தேசியச் சங்கம். அதன் கிளையொன்றை 1934இல் ப்ரெவர்ட் மாவட்டத்தில் மூர் தொடங்கினார். பகலெல்லாம் பள்ளிப் பணி. மாலையில் சங்கப் பணி. அதிகாரிகளுக்கு எழுதும் கடிதங்களும் மக்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கைகளும் அவர் இல்லத்திலிருந்தே புறப்பட்டன. கையால் சுழற்றும் படியெடுக்கும் பொறி ஒன்றே அவருடைய அச்சகம்.

1937-38ஆம் ஆண்டுகளில் சம ஊதியம் கோரும் வழக்கை அவர் முன்னின்று தொடங்கச் செய்தார். தென்கோடி மாநிலங்களில் இத்தகைய வழக்கு அதுவே முதலாவதாகும். மூரின் நண்பரும் கோகோ பள்ளித் தலைமையாசிரியருமான ஜான் கில்பர்ட் வழக்காளியாக நின்றார். பின்னாளில் உச்சநீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதிபதியாகத் திகழ்ந்த தர்குட் மார்ஷல் வழக்கிற்குத் துணைநின்றார். வழக்குத் தோற்றது; கில்பர்ட் வேலையை இழந்தார். ஆயினும் அத்தோல்வியே விதையாயிற்று. அதனைப் பின்பற்றிப் பிற மாவட்டங்களில் அடுத்தடுத்து வழக்குகள் எழுந்தன. காலப்போக்கில் ஃபுளோரிடாவின் கறுப்பின ஆசிரியர்கள் சம ஊதியம் பெற்றனர்.

வாக்குரிமைத் தொண்டு

1941இல் மாநிலம் முழுவதிலுமுள்ள சங்கக் கிளைகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. அவ்வமைப்பின் செயலாளர் பொறுப்பை மூர் ஊதியமின்றி ஏற்றார். தம் பழைய காரில் ஊர் ஊராகச் சென்றார். கறுப்பினத்தாரை உணவு விடுதிகளும் தங்கும் விடுதிகளும் ஏற்காத காலம் அது. கையில் உணவை எடுத்துக்கொண்டே புறப்பட வேண்டியிருந்தது.

அந்நாளில் தென் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி ஒன்றே ஆட்சியிலிருந்தது. அக்கட்சியின் வேட்பாளர் தேர்வில் வென்றவரே தேர்தலிலும் வெல்வார். அத்தேர்வில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று விதி வகுத்து, கறுப்பினத்தாரின் வாக்கைப் பயனற்றதாக்கி வைத்திருந்தனர். 1944இல் உச்சநீதிமன்றம் அவ்விதி செல்லாதென்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததும் மகிழ்ந்து அமர்ந்துவிடாமல், மூர் உடனே முன்னேற்ற வாக்காளர் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். தீர்ப்பு தாளில் இருக்கிறது. பெயர் பட்டியலில் ஏறவேண்டும் என்பதே அவர் கருத்து. வாக்காளராகப் பதிவு செய்யும் முறையை வீடு வீடாகவும் திருச்சபை திருச்சபையாகவும் விளக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் ஃபுளோரிடாவில் பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர் 1 இலட்சத்திற்கு மேற்பட்டனர். இது தகுதியுடையோரில் ஏறத்தாழ 31 விழுக்காடு. தென் மாநிலம் வேறெதுவும் அன்று இவ்வளவை எட்டவில்லை.

கொலைகளைப் பதிவு செய்தவர்

வெள்ளை வெறியர் கும்பலாகக் கூடிக் கறுப்பினத்தாரைக் கொல்வதும், ஊரார் வாய்மூடி இருப்பதும், வழக்கு இல்லாமலேயே மறைவதும் அந்நாளில் வழக்கமாயிருந்தன. 1944ஆம் ஆண்டு சனவரியில், மூர் கல்வி பயின்ற லைவ் ஓக் நகரிலேயே அத்தகைய கொடுமை நிகழ்ந்தது. வில்லி ஜேம்ஸ் ஹோவர்ட் என்னும் 15 வயதுச் சிறுவன், தன்னோடு கடையில் வேலை செய்த வெள்ளையினச் சிறுமிக்கு அன்பு தெரிவித்து ஒரு மடல் எழுதினான். அக்குற்றத்திற்காகச் சிலர் அவனைப் பிடித்துச் சென்று, பெற்ற தந்தையின் கண்ணெதிரே சுவானி ஆற்றில் மூழ்கிச் சாகச் செய்தனர். மூர் அப்பெற்றோரிடம் உறுதிமொழி வாக்குமூலம் பெற்று அரசுக்கு அனுப்பினார். கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார். குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை. ஆனால் அச்சிறுவன் இறந்த வரலாறு ஆற்றோடு போகாமல் தாளில் நிலைபெற்றது. பின்னரும் இத்தகைய கொலை நேர்ந்த இடங்களுக்கெல்லாம் சென்று சாட்சியம் திரட்டுவதை மூர் தம் கடமையாகக் கொண்டார்.

வேலை நீக்கம்

இத்தொண்டின் விலையை அவர் 1946இல் கொடுத்தார். அவ்வாண்டு கல்வி நிர்வாகத்தினர் மூரையும் அவர் துணைவியாரையும் ஒருங்கே பணியிலிருந்து நீக்கினர். 20 ஆண்டுக் காலம் ஆசிரியராய் விளங்கியவர் ஒரே நாளில் வருவாயற்றவரானார். அதன்பின் சங்கத்தின் முழுநேர அமைப்பாளராக, சிறிய ஊதியத்தில், முன்னினும் மிகுதியாக உழைத்தார். 1948 அளவில் ஃபுளோரிடாவில் 63 கிளைகளும் ஏறத்தாழ 10,000 உறுப்பினர்களும் இருந்தனர்.

அதே 1946ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பினப் பேரறிஞரும் அத்தேசியச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவருமான டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார் என்பதை நம் இளைஞர்கள் நினைவிற் கொள்ளல் தகும். கடல் கடந்த அம்மக்களின் போராட்டம் நமக்கு அயலானதன்று.

க்ரோவ்லேண்ட் வழக்கு

1949 சூலையில் லேக் மாவட்டத்து க்ரோவ்லேண்ட் ஊரில், வெள்ளையினப் பெண் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் கறுப்பின இளைஞர் நால்வர்மீது குற்றஞ்சாட்டினர். எர்னஸ்ட் தாமஸ் என்பவரைத் தேடிச் சென்ற ஆயுதக் கூட்டம் சுட்டுக் கொன்றது. ஏனைய மூவர் காவலில் கடுமையாக அடிக்கப்பட்டனர். 16 வயதினரான சார்லஸ் கிரீன்லீ ஆயுள் தண்டனை பெற்றார். சாமுவேல் ஷெப்பர்டும் வால்டர் இர்வினும் மரண தண்டனை பெற்றனர். மூர் இவ்வழக்கிற்காக நிதி திரட்டினார்; அடிபட்டோரின் உண்மை நிலையை வெளியிட்டார்.

1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அம்மரண தண்டனைகளை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. நவம்பர் 6ஆம் நாள், மறுவிசாரணைக்காக இருவரையும் ஒரே விலங்கில் பூட்டித் தம் காரில் அழைத்து வந்த மாவட்டக் காவல் தலைவர் வில்லிஸ் மெக்கால், வழியில் இருவரையும் சுட்டார். ஷெப்பர்ட் இறந்தார். இறந்தவர்போல் கிடந்து பிழைத்த இர்வின் நடந்ததைக் கூறினார். தப்பியோட முயன்றமையால் சுட்டதாக மெக்கால் கூறினார். விலங்கிட்ட இருவர் எங்ஙனம் தப்புவர்? மெக்காலைப் பதவியிலிருந்து நீக்கி அவர்மீது கொலை வழக்குத் தொடரவேண்டும் என்று மூர் வெளிப்படையாகக் கோரினார். அக்கோரிக்கை எழுந்து ஆறு வாரங்களே அவர் உயிரோடிருந்தார்.

சங்கத்தினுள் நேர்ந்த வருத்தம்

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் மறையாது கூறுதல் வேண்டும். 1949இல் தேசியச் சங்கம் ஆண்டுச் சந்தாவை 1 டாலரிலிருந்து 2 டாலராக உயர்த்தியது. ஏழை மக்களால் அதைச் செலுத்த இயலவில்லை. ஃபுளோரிடாவில் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 3,000 ஆகச் சுருங்கியது. மூருக்குச் சேரவேண்டிய ஊதியமே நிலுவையில் நின்றது. தலைமையகத்தார் இக்குறைவுக்கு அவரையே பொறுப்பாக்கினர். அவர் நடத்திய அரசியல் கழகத்தையும் விரும்பவில்லை. 1951 நவம்பர் இறுதியில் டேடோனாவில் கூடிய மாநில மாநாட்டில் அவர் செயலாளர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். ஊதியமற்ற பொறுப்பொன்று மட்டும் அவருக்கு எஞ்சியது.

பகைவர் அவரை மிகவும் ஆபத்தானவராகக் கருதிய அதே நாட்களில், சொந்தச் சங்கத்தார் அவரைப் பயனற்றவராகக் கருதினர். அவரோ சினந்து வெளியேறவில்லை. அதன்பின்னரும் மெக்கால் மீது நடவடிக்கை கோரி ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்.

1951 கிறிஸ்துமஸ் இரவு

டிசம்பர் 25ஆம் நாள் மூர் தம்பதியரின் 25ஆம் திருமண ஆண்டு நிறைவு நாள். இல்லத்தில் முதிய தாயார் ரோசாவும் மூத்த மகள் ஆனியும் இருந்தனர். வாசிங்டனில் பணியாற்றிய இளைய மகள் ஓரிரு நாளில் வருவதாக இருந்தது. எளிய முறையில் மகிழ்ந்திருந்து, அனைவரும் உறங்கச் சென்றனர். இரவு ஏறத்தாழ 10.20 மணிக்கு, மூர் தம்பதியரின் படுக்கைக்கு நேர்கீழே, தரைப்பலகையின் அடியில் வைக்கப்பட்ட வெடிகுண்டு வெடித்தது.

உறவினர் அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 30 மைல் தொலைவிலுள்ள சான்ஃபோர்டு மருத்துவமனைக்கு விரைந்தனர். மூரின் உயிர் வழியிலேயே பிரிந்தது. அப்பொழுது அவருக்கு வயது 46. சனவரி 1ஆம் நாள் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஹாரியட் அம்மையார் சனவரி 3ஆம் நாள் கணவரைப் பின்தொடர்ந்தார். தாயாரும் ஆனியும் உயிர் பிழைத்தனர். டிசம்பர் 27இல் இரயிலில் வந்திறங்கிய எவாஞ்சலின், தம்மை வரவேற்கத் தந்தையார் நிலையத்தில் இல்லாததைக் கண்டார். அங்கேயே செய்தியையும் அறிந்தார்.

அதிபர் ட்ரூமனுக்கும் மாநில ஆளுநர் ஃபுல்லர் வாரனுக்கும் கண்டனக் கடிதங்களும் தந்திகளும் குவிந்தன. அயல்நாடுகளிலும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. முந்திய மாதம் அவரைப் பதவியிலிருந்து விலக்கிய தேசியச் சங்கம், 1952இல் தன் உயரிய விருதான ஸ்பிங்கார்ன் பதக்கத்தை, மறைந்த மூருக்கு வழங்கியது.

விசாரணைகள்

மைய அரசின் புலனாய்வுத் துறையினர் உடனே வந்து விசாரித்தனர். சந்தேகம் அண்டை மாவட்டங்களிலிருந்த ‘கு க்ளக்ஸ் கிளான்’ என்னும் வெள்ளை வெறியர் அமைப்பினர் மீது விழுந்தது. அவர்களுள் ஒருவர் மூர் இல்லத்தின் வரைபடத்தை முன்னரே வைத்திருந்ததாகவும் தெரியவந்தது. ஆயினும் இரகசியம் காப்பதாக உறுதிபூண்டவர்கள் அவர்கள், ஊராரும் அஞ்சினர். வேறு வன்முறைகள் பற்றிப் பொய்யுரைத்ததாகச் சிலர்மீது தொடர்ந்த வழக்கும் தள்ளுபடியாயிற்று. 1955இல் கோப்பு மூடப்பட்டது.

1978இல் மீண்டும் திறக்கப்பட்டது, 1991இல் மற்றொரு முறை திறக்கப்பட்டது, பயன் விளையவில்லை. 2004இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் நான்காம் விசாரணையைத் தொடங்கி, 2006 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டது. கிளான் அமைப்பினர் நால்வரே இக்கொலையில் ஈடுபட்டவர்கள் என்று அவ்வறிக்கை பெயர் சுட்டியது. நால்வரும் அதற்கு முன்னரே இறந்துவிட்டனர். அவர்களுள் மூவர் கொலை நடந்து ஓராண்டு கடப்பதற்குள்ளாகவே மாண்டவர்கள். எனவே கைதும் இல்லை, வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 55 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது பெயர்கள் மட்டுமே.

க்ரோவ்லேண்ட் இளைஞர் நால்வருக்கும் 2019இல் மாநில அரசு பொதுமன்னிப்பு வழங்கியது. 2021 நவம்பரில் நீதிமன்றம் அவர்கள்மீதிருந்த குற்றச்சாட்டையும் தண்டனையையும் அகற்றியது. அதனைக் காண அந்நால்வருள் ஒருவரும் உயிரோடில்லை. மிம்ஸில் மூர் இல்லம் இருந்த இடத்தில் இன்று நினைவுப் பூங்காவும் பண்பாட்டு மையமும் உள்ளன.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றைப் படிக்கும் இளைஞர் உள்ளத்தில் ஐயம் எழலாம்: கொலையாளிகள் தண்டனையின்றி மாண்டனர் எனில், மூர் வென்றதுதான் யாது? வாக்காளர் பட்டியலில் ஏறிய பெயர்களைக் குண்டு அழிக்கவில்லை. ஆசிரியர்களின் சம ஊதியத்தை அழிக்கவில்லை. வில்லி ஜேம்ஸ் ஹோவர்டுக்காக எழுதிய வாக்குமூலங்களை அழிக்கவில்லை. கொல்லப்பட்டவரின் பெயரை எழுதி வைப்பவன் ஒருவன் இருக்கும்வரை கொலை முற்றிலும் மறைவதில்லை. மூர் பிறருக்குச் செய்த அத்தொண்டையே, பின்வந்தோர் அவருக்கும் செய்தனர். மகள் எவாஞ்சலின் 2015இல் மறையும்வரை தம் பெற்றோரின் நினைவைக் காத்து நின்றார்.

வெள்ளி விழாக் காணும் கல்விச் சங்கத்தார்க்கு இவ்வாழ்வு தரும் அறிவுரைகள் இரண்டு. கற்றவர் தம் கல்வியைத் தம் ஊதியத்தோடு நிறுத்திக்கொள்ளலாகாது என்பது ஒன்று. கடிதம் எழுதத் தெரிந்தவர் எழுதத் தெரியாதவர்க்கு எழுதித் தருதலும், அநீதி நேர்ந்த இடத்திற்குச் சென்று நாளும் பெயரும் குறித்து வைத்தலும் கல்வியின் பயன்களே. மற்றொன்று சங்கங்களுக்குரியது. உறுப்பினர் தொகையும் சந்தாக் கணக்கும் வேண்டுவனவே. ஆயின் அவற்றைக் கொண்டு மட்டும் உழைப்பவரை அளத்தல் தவறு. இருக்கும்பொழுது பதவி பறித்து, இறந்தபின் பதக்கம் அளித்தல் எந்தச் சங்கத்திற்கும் பெருமையன்று. நம்மிடையே ஊதியமின்றி உழைக்கும் ஆசிரியர்களையும் தொண்டர்களையும் அவர்கள் வாழுங் காலத்திலேயே போற்றுவோமாக. அதுவே ஆசிரியர் ஹாரி மூருக்கும் ஹாரியட் அம்மையாருக்கும் நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.